சாமான் லிஸ்ட்டும் மளிகைக் கடையும்: தனியார் ஆஸ்பத்திரி பில் எப்படி இயங்குகிறது?

திருநாவலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் காதுகுத்து, கல்யாணம் என்று வந்துவிட்டால், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே சமையல் மாஸ்டரிடம் பேசி முடித்துவிடுவார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" ஐந்நூறு என்று சொன்னதும் ஒரு தாளை வாங்கி எழுத ஆரம்பிப்பார். அரிசி இத்தனை சிப்பம், துவரம்பருப்பு இத்தனை கிலோ, எண்ணெய் டின், முந்திரி, ஏலக்காய், தேங்காய், வாழை இலைக் கட்டு, சிலிண்டர், பாத்திர வாடகை. வீட்டுக்காரர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்புவார். ஐந்நூறு பேர் சாப்பிட எத்தனை கிலோ பருப்பு வேக வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால்தானே மாஸ்டரைக் கூப்பிட்டார்!

இந்த ஏற்பாடு காலம் காலமாகப் பெரிய வம்பில்லாமல் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. மாஸ்டருக்குக் கூலி மட்டும்தான்; கடை அவருடையதில்லை. லிஸ்ட்டில் முந்திரி அதிகமாக இருந்தால் வீட்டில் இருக்கும் பெரியம்மா, "ஏம்ப்பா, பாயசத்துக்கு இவ்ளோ எதுக்கு?" என்று கேட்டுவிடுவார். உளுந்தூர்பேட்டையில் விலை கூடுதலென்றால் பண்ருட்டிக்குப் போகலாம். பிரிக்காத மூட்டை மீந்தால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார்.

இப்போது இதில் சில மாற்றங்களைச் செய்து பாருங்கள். கடையும் மாஸ்டருடையது. சாமானை அங்கேதான் வாங்க வேண்டும். பாக்கெட்டில் அச்சாகும் விலையும் அந்தக் கடையின் வசதிக்கேற்ப வருகிறது. லிஸ்ட்டை முன்கூட்டியே தருவதில்லை. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தபிறகு ஒவ்வொரு வரியாக எழுதுகிறார். கேள்வி கேட்கும் பெரியம்மாவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மாஸ்டர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் செலவு எங்கே போய் நிற்கும்?

தனியார் ஆஸ்பத்திரி பில் ஊதும் விதம் இதுதான். மருத்துவர்களின் பேராசை என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடுபவர்களோடு நான் உடன்படவில்லை. இந்தப் பேச்சால் நேர்மையான மருத்துவர்கள் புண்படுகிறார்கள், பில் கட்டுகிறவருக்கு ஒரு ரூபாயும் குறைவதில்லை. லிஸ்ட் எழுதும் கையும் கல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் இருப்பதுதான் கோளாறு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

முதலில் லிஸ்ட்டைப் பார்ப்போம். எந்தச் சந்தையிலும் என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை வாங்குகிறவர் முடிவு செய்வார். மருத்துவத்தில் அதை விற்கிறவர் முடிவு செய்கிறார். 1963-ல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுவே: நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே அறிவில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருப்பதால், மருத்துவத்தைச் சாதாரணச் சந்தை விதிகளின்படி விட்டுவிட முடியாது. அவர் சொன்ன அறிவு ஏற்றத்தாழ்வோடு நம் ஊரில் பயமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவை வேனில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கோ விழுப்புரத்துக்கோ பாண்டிக்கோ போகும் பிள்ளையிடம், "ஐ.சி.யூ.வுல வெச்சு 48 மணி நேரம் பாக்கணும், அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றால் அவன் என்ன பேரம் பேசுவான்? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். வண்டிக்கே ஒரு தொகை போயிருக்கும். இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

லிஸ்ட் நீளுவதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. காய்ச்சல், உடம்பு வலி என்று போனால் ஊசி போட வேண்டும், "குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்கிறோம். தொங்கும் அந்த பாட்டிலின் லேபிளைக் கிட்டப் போய்ப் படித்தால், 'டெக்ஸ்ட்ரோஸ் 5%, 500 மி.லி.' என்றிருக்கும். அதாவது தண்ணீரில் கரைத்த 25 கிராம் சர்க்கரை. அது தரும் சக்தி 100 கலோரிக்குள்தான். வாயால் குடிக்கவும் சாப்பிடவும் முடிகிற ஒருவருக்கு அதை நரம்பு வழியாக ஏற்றுவதில் பெரும்பாலும் கூடுதல் பயன் எதுவும் இல்லை. வாந்தி நிற்காதவர், மயங்கிக் கிடப்பவர், கடுமையான டெங்குவில் ரத்த அழுத்தம் இறங்குகிறவர், இவர்களுக்கு டிரிப் உயிர் காக்கும். ஒரே பாட்டில்தான், ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு வீண் செலவு. எது எப்போது என்று பிரித்துச் சொல்லத்தான் மருத்துவரிடம் போகிறோம். அப்படிச் சொல்கிறவருக்கு பாட்டில் விற்றால் லாபம் என்ற நிலை இருக்கவே கூடாது.

அடுத்தது கடை. நரம்பில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் கையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசிக்கும் மேலிருந்து வரும் டியூபுக்கும் நடுவே விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். மூன்று வாய், மேலே திருகுவதற்கு ஒரு சின்னக் கைப்பிடி. டிரிப்பை நிறுத்தாமலே பக்கவாட்டில் இன்னொரு மருந்தைச் செலுத்த உதவுவது. வார்டில் இதை 'த்ரீ வே' என்பார்கள். 2017-ல் டெல்லிக்கு அருகே குருகிராமில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் டெங்குவுக்கு இரண்டு வாரம் சிகிச்சை பெற்ற 7 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பெற்றோர் கையில் தரப்பட்ட பில் ஏறக்குறைய 16 லட்சம் ரூபாய். நாடே கொதித்தது. அதன்பிறகு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை வாங்கி ஆராய்ந்து, 2018 பிப்ரவரியில் முடிவை வெளியிட்டது. லாபக் கணக்கின் உச்சியில் இருந்தது இந்தச் சின்னக் குழாய்தான். ஆஸ்பத்திரி வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு. நோயாளியிடம் வாங்கியது 106 ரூபாய். லாபம் 1,737 சதவீதம்.

இந்த எண்ணைச் செய்தித்தாள்கள் எல்லாம் போட்டன. அதே ஆய்வில் இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் கவனம் பெறாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் எம்.ஆர்.பி.யைத் தாண்டி விற்கவில்லை. தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மொத்தமாக வாங்கும் ஆஸ்பத்திரிக்கு லாபம் நிற்கும்படி எம்.ஆர்.பி.யையே உயர்த்தி அச்சிட்டுத் தரும் நிலை இருக்கிறது என்று ஆணையம் சொன்னது. சாதாரணமாகக் கடைகள் தங்களுக்குள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும். இங்கே கம்பெனிகள், யார் அதிக விலை அச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு அதிக வித்தியாசம் தருவது என்று போட்டி போடுகின்றன. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்.ஆர்.பி.க்குத்தானே போட்டிருக்காங்க, இதுல என்ன தப்பு?" என்று ஆறுதல்பட்டுக் கொள்கிறோமே, அந்த எம்.ஆர்.பி. நமக்குப் பாதுகாப்பாக நிற்பதில்லை. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் அத்தியாவசிய மருந்துகள் அந்த பில்களில் சொற்பம். பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளும் கையுறை, சிரிஞ்ச், டியூப் போன்ற சாமான்களும்தான் பில்லைத் தூக்கின.

இதய ரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டும் இதே பாதையில்தான் வந்தது. அடக்க விலைக்கும் நோயாளி தரும் விலைக்கும் நடுவில் ஆஸ்பத்திரிகளின் லாபம் 654 சதவீதம் வரை போயிருந்ததை ஆணையம் வெளிப்படுத்தியது. 2017 பிப்ரவரி 13 அன்று உச்சவரம்பு வந்தது: மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260. அதற்கு முன் மருந்து பூசியது லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கும் வரம்பு போட்டார்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் லிஸ்ட்டில் ஒரு பொருளின் விலையைக் கட்டினால் மாஸ்டர் மற்ற வரிகளை நீட்டலாம். பலூன், கதீட்டர், அறை வாடகை, 'செயல்முறைக் கட்டணம்' எல்லாம் கட்டுக்கு வெளியே இருந்தன. அறை விஷயம் தனி. ஒரே ஆபரேஷனுக்கு ஜெனரல் வார்டில் ஒரு கட்டணம், தனி அறை எடுத்தால் சர்ஜன் ஃபீஸ் முதல் எல்லாமே கூடுதல் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கத்தியும் அதே கத்தி, தியேட்டரும் அதே தியேட்டர். ஏசி அறை கேட்பதற்கு முன் இதை விசாரித்துவிடுவது நல்லது.

மளிகைக் கடைக்காரர் மாஸ்டருக்குத் தனியாக ஏதாவது கவனிக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. கமிஷன் வாங்குவதும் தருவதும் குற்றம் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் திட்டவட்டமாகச் சொல்கின்றன. ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவதற்கு ஒரு பங்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு ஒரு பங்கு, விபத்தில் அடிபட்டவரை அந்த வாசலில் கொண்டுபோய் இறக்கும் தனியார் ஆம்புலன்ஸுக்கு ஒரு பங்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தே இது நடக்கிறது. ரசீது இல்லாததால் பிடிபடுவதில்லை. மருந்துக் கம்பெனி விஷயத்தில் ஒருமுறை ரசீது வெளியே வந்தது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜிங்கோவிட் என்ற வைட்டமின் மாத்திரையை எழுதுவதற்காக மருத்துவர்களுக்குத் தந்த அன்பளிப்புகளை வியாபாரச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கச் சொன்னது. தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம். தொகை சுமார் 4.72 கோடி. 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொன்னது. மருத்துவர் வாங்குவதே சட்டவிரோதம் என்னும்போது கொடுப்பவர் அதை நியாயமான செலவாகக் காட்ட முடியாது என்பது தீர்ப்பு. அந்த அன்பளிப்பின் செலவு மருந்தின் விலையில் ஏறி, கடைசியில் நோயாளி தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிபதிகள் எழுதினார்கள்.

எரியும் அடுப்பும் ஒரு காரணம். இருபது அண்டா, பத்து அடுப்பு, முப்பது ஆள் என்று வைத்துக்கொண்டு காத்திருக்கும் சமையல் கூடத்துக்குத் தினமும் பந்தி வேண்டும். பந்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளமும் வட்டியும் ஓடும். ஸ்கேன் மெஷினை வங்கிக் கடனில் வாங்கிய ஆஸ்பத்திரிக்கும் இதே நெருக்கடிதான். கட்டில் போட்டால் அதில் ஆள் படுத்துவிடும் என்று மில்டன் ரோமர் 1950-களின் இறுதியிலேயே அமெரிக்க ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து எழுதினார். நோய் கூடியதால் கட்டில் நிரம்பவில்லை, கட்டில் இருந்ததால் அட்மிஷன் கூடியது. கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில், வெளிநோயாளியாக வருபவர்களில் எத்தனை பேர் அட்மிஷனாக மாறுகிறார்கள் என்று மருத்துவர் வாரியாகக் கணக்கு பார்க்கும் வழக்கம் இருப்பதை மருத்துவர்களே வெளியே சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அருண் காத்ரேவும் டாக்டர் அபய் சுக்லாவும் பல ஊர் மருத்துவர்களைப் பேசவைத்து 2016-ல் வெளியிட்ட நூல் முழுக்க இந்த வேதனைதான். தேவையில்லாத சோதனையை எழுதச் சொல்லி நிர்வாகம் நெருக்கும்போது வேலையை விட முடியாமல் தவிக்கும் இளம் மருத்துவர், கூலிக்கு வந்த சமையல் ஆளைப் போலத்தான். லிஸ்ட் அவர் கையெழுத்து, கடை வேறொருவருடையது.

பணத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. 1934-ல் நியூயார்க்கில் ஒரு சோதனை நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரை எடுத்துக்கொண்டார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றியாகிவிட்டது. மீதி 389 பேரைப் பள்ளி மருத்துவர்கள் பார்த்து, 174 பேருக்கு ஆபரேஷன் தேவை என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை, முன்பு பார்த்ததைச் சொல்லாமல், வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். மிச்சம் 116 பேர் மூன்றாவது முறை போனார்கள். 51 பேருக்கு ஆபரேஷன் என்று வந்தது. ஆயிரத்தில் கடைசியாகத் தப்பியவர்கள் 65 பேர். வரிசையில் வரும் பிள்ளைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு டான்சில் கெட்டிருக்கும் என்று மருத்துவர்களின் கண் பழகியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. குழம்பை ருசி பார்க்காமலே கை உப்பு டப்பாவுக்குப் போவதுபோல.

நம் ஊரில் இதற்கு உதாரணம் சிசேரியன். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 51.3 ஆக இருந்தது. இந்திய அளவில் தனியார் சராசரி 47.4. இந்த எண்ணை மட்டும் வைத்துத் தனியாரைத் திட்டிவிடலாம், ஆனால் தமிழ்நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் அது 36 சதவீதம்; இந்திய அரசு ஆஸ்பத்திரிகளின் சராசரியோ 14.3 தான். அரசு மருத்துவருக்கு சிசேரியனால் தனி வருமானம் கிடையாது. அப்படியானால் பயம், வழக்கு வந்துவிடுமோ என்ற தயக்கம், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கூடவே இருந்து பார்க்க ஆள் பற்றாக்குறை, நல்ல நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள், எல்லாமே சேர்ந்து வேலை செய்கின்றன. அந்த 36-க்கும் 63.8-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பணத்தின் கையைத் தேட வேண்டும். அதுவே சின்ன இடைவெளியில்லை. முதல் பிரசவம் சிசேரியனானால் அடுத்ததும் பெரும்பாலும் அப்படியே என்பதால், ஒரு முடிவின் செலவு இரண்டு முறை வருகிறது. தையலின் வலி அந்தப் பெண்ணுக்கு.

ஸ்டென்ட் கதையில் பழக்கமும் பயமும் பணமும் மூன்றும் உண்டு. நெஞ்சுவலியோடு மாரடைப்பு வந்தவருக்கு உடனே அடைப்பைத் திறப்பது உயிரைக் காப்பாற்றும். அங்கே ஒரு நிமிடம்கூடத் தயங்கக் கூடாது. நடக்கும்போது மட்டும் வலி, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, நிலைமை மாறாமல் இருக்கிறது என்பவரின் கதை வேறு. 2007-ல் வெளியான கரேஜ் ஆய்வு இப்படிப்பட்ட 2,287 பேரைப் பின்தொடர்ந்தது. நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. 5,179 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளிவந்த இஸ்கீமியா ஆய்வும் ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. வலி குறைய ஸ்டென்ட் உதவும், அதற்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆஞ்சியோ மேஜையில் படுத்திருப்பவரின் மகனை வெளியே கூப்பிட்டு, "80 பர்சன்ட் அடைப்பு, இப்பவே வெச்சிடலாமா?" என்று கேட்டால் அது கேள்வியே இல்லை. என்ன வாங்குகிறோம் என்று யோசிக்க அவனுக்கு ஓர் இரவாவது கிடைக்க வேண்டும்.

கூலிக் கணக்கை விட்டு "இலைக்கு இவ்வளவு" என்று பேசிக்கொள்ளும் முறையும் சமையலில் உண்டு. சாமான் மாஸ்டருடையது, இலைக்கு நிச்சயித்த தொகை மட்டும் தந்தால் போதும். லிஸ்ட் நீளும் தொல்லை ஒழிந்தது. மருத்துவத்தில் இதுதான் பேக்கேஜ். தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-ல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே நிச்சயம். அந்தத் தொகைக்குள் மருந்து, சோதனை, சாப்பாடு எல்லாம் அடக்கம். அட்டை உள்ளவரிடம் மேற்கொண்டு பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும் என்பதில்லை, எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

இலைக் கணக்கிலும் ஓட்டை உண்டு. சாம்பாரில் தண்ணீரைக் கூட்டலாம். அதாவது சீக்கிரமே டிஸ்சார்ஜ் செய்து அனுப்பலாம், 'இது பேக்கேஜ்ல வராது' என்று சொல்லி வெளியே வாங்கவைக்கலாம். அதைவிடக் கொடியது, சாப்பிடாத இலைக்கும் கணக்கு எழுதுவது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காக, தேவையே இல்லாத ஏழைப் பெண்களின் கருப்பைகளை அகற்றியதாக டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரல் 5 அன்று வந்த தீர்ப்பு, ஒன்றிய அரசு 2022-ல் வகுத்த கருப்பை அகற்றல் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் கைக்கொள்ள வேண்டும் என்றது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களிடையே கருப்பை அகற்றம் மிக அதிகம் என்ற செய்தி 2019-ல் வந்தபோது, மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் போடும் மேஸ்திரிகளும், 'கட்டி இருக்கு, புற்றுநோயாகிவிடும்' என்று பயமுறுத்தும் சின்னச் சின்ன தனியார் கிளினிக்குகளும் சேர்ந்தே பேசப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியும் கரும்பு மண்தான். முப்பது வயதுப் பெண்ணிடம் "எடுத்துடலாம், பிள்ளைதான் பொறந்தாச்சே" என்று சொல்லும் குரலை நம் வீடுகள் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. மாத்திரையில் அடங்குமா, வேறு வழி உண்டா, திசுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து.

கையெழுத்தின் எல்லையையும் உச்ச நீதிமன்றம் 2008-லேயே வரையறுத்துவிட்டது. லேப்ராஸ்கோப்பி சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயின் சம்மதத்தோடு மருத்துவர் அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது, நோயாளி தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவர் என்பதால் மயக்கம் தெளியும்வரை காத்திருந்திருக்க வேண்டும், தாயின் கையெழுத்தும் செல்லாது என்று தீர்ப்பானது.

மூன்றாவது வகைச் சமையலும் திருநாவலூருக்குத் தெரிந்ததே. சுந்தரர் பிறந்த ஊர். ஆடி சுவாதியில் அவர் குருபூஜை. அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டும்போது லிஸ்ட்டைக் கூட்டி எழுதுவதால் யாருக்கும் ஆதாயமில்லை. அரசு ஆஸ்பத்திரி அப்படிப்பட்டது. சம்பளம் வாங்கும் மருத்துவருக்கு இன்னொரு ஸ்கேன் எழுதுவதால் வருவது எதுவுமில்லை. சாமான் வாங்குவதையும் தமிழ்நாடு தனியே பிரித்தது. 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டெண்டர் விட்டு மருந்தை மொத்தமாக, அதன் மூலப்பெயரில் வாங்கி எல்லா அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. அரசு ஆஸ்பத்திரிகளில் அந்தக் கழகம் நடத்தும் மையங்களில் சி.டி. ஸ்கேன் 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. 2,500 என்று பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. வெளியே கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்னதானத்தின் குறை எல்லோருக்கும் தெரிந்தது: வரிசை நீளம், கூட்டத்தில் மரியாதை தேய்ந்துபோகும். நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்தான் தனியாருக்குப் போகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும், 2022-ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியும், பாண்டியில் ஜிப்மரும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெரிய ஆபரேஷன் என்று தனியாரில் சொன்னால், அவசரமில்லாத பட்சத்தில், ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு நடை போய் இன்னொரு மருத்துவரிடம் கேட்பதற்கு ஒரு நாள் கூலி போகும். அந்த ஒரு நாள் பல லட்சங்களைக் காப்பாற்றலாம்.

ரிப்போர்ட் தர மறுத்தால்? நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002 விதிகளிலேயே இருக்கிறது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நீ எனக்கு அடிமை என்று வழக்காடினார். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அவர் வாய்ச்சொல்லை ஏற்காமல், மூல ஓலையை வாங்கிப் பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள் என்பது இந்த மண்ணின் கதை. வழக்காட வந்தது சாட்சாத் சிவபெருமானே என்றாலும் ஓலை கேட்டார்கள். ஆஸ்பத்திரி கவுன்டரில் விவரமான பில் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதே இல்லை. 'மருந்துகள் - 38,000' என்று ஒற்றை வரியில் வந்தால் பெயர் பெயராகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வார்டுக்கு அனுப்பிப் பயன்படுத்தாத மருந்தும் ஊசியும் பார்மசிக்குத் திரும்பி, பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். சோதனை எழுதும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இதோட ரிசல்ட்டைப் பொறுத்து வைத்தியம் மாறுமா டாக்டர்?" மாறாது என்றால் அந்தச் சோதனை எதற்கு என்று நல்ல மருத்துவரே யோசிப்பார். மரியாதையாகக் கேட்டால் கோபப்படுபவர் குறைவு. கோபப்படுபவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ளும் முன் இரண்டு முறை யோசிக்கலாம். பாம்புக்கடி, மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, இவற்றுக்கு இந்த யோசனை எதுவும் பொருந்தாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே போக வேண்டும், கணக்கெல்லாம் பிறகு.

இவ்வளவையும் நோயாளி தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை. உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் மளிகை விலை பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. கடையையும் லிஸ்ட்டையும் பிரித்துவைக்க வேண்டியது அரசு. தாயின் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொல்லி ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் போனது. 2025 மார்ச் 4 அன்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் தானே உத்தரவு போடவில்லை. மக்களின் ஆரோக்கியம் மாநிலப் பட்டியலில் வருவதால், இந்தச் சுரண்டலைத் தடுக்க மாநில அரசுகள் கொள்கை வகுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியது.

ஆகவே பந்து சென்னையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும், 2018-ல் வந்த அதன் விதிகளும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் பதிவு வேண்டும், வசதிகள் இன்னின்ன வேண்டும் என்று கேட்கின்றன, விலையைக் கட்டுவதில்லை. விலையை அரசால் கட்ட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020 ஜூன் மாதம், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, இதே தமிழ்நாடு அரசு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு நாள் கட்டணம் நிர்ணயித்தது: ஐ.சி.யூ.வுக்கு அதிகபட்சம் 15,000, சாதாரண வார்டுக்கு ஆஸ்பத்திரியின் தரத்தைப் பொறுத்து 5,000 முதல் 7,500. மீறியவர்கள் மேல் நடவடிக்கையும் எடுத்தது. ஒரு தொற்றுக்குச் செய்ததைப் பிரசவத்துக்கும் ஆஞ்சியோவுக்கும் கருப்பை ஆபரேஷனுக்கும் செய்யலாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் கட்டணப் பட்டியலைத் தமிழில் எழுதி மாட்டச் சொல்லலாம். 'மருந்தை வெளியே எங்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியைப் பார்மசி கண்ணாடியில் ஒட்டச் சொல்ல அரசாணை ஒன்று போதும். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை சதவீதம் சிசேரியன் என்று மாவட்ட வாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். அந்தக் கணக்கு சுகாதாரத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது.